வராதவர் பங்கு

வேதப்பாடக் குழுவுக்கு நான் தலைவன் ஆனதற்குக் காரணம் என் பக்தி அல்ல. என் வீட்டுக் கூடம். அறுபதுகளின் தொடக்கத்தில் புத்தூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், தூண் எதுவும் குறுக்கிடாத நீளமான கூடம் ஒன்று இருந்தது. ஒருநாள் காப்பி குடிக்க வந்த எங்கள் சபைப் போதகர், அந்தக் கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை சாயங்காலம் இங்க பத்துப் பேர் தாராளமா உக்காரலாமே, சார்" என்றார். அவர் காலி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் தலைவனாகிவிட்டேன்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். கோபம் மூக்குக்கு மேல் இருக்கிறது என்று பையன்கள் சொல்வார்கள், என் மனைவியும் அதை மறுத்ததில்லை. கணக்கு வாத்தியார் என்பதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக் கூடத்திலேயே இரண்டு வருஷம் ஒரு கணக்கு நடந்தது. அது என் கண்ணில் படவே இல்லை.

நாங்கள் ஒன்பது பேர். பெயர் சொல்லப் போவதில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சண்டைக்கு வருவார்கள். வட்டமாக உட்காருவோம். முதலில் நாற்காலியில் நான். எனக்குப் பக்கத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர். அவர் ஜெபம் செய்தால் பின் பெட்டி வரைக்கும் கேட்கும். பிறகு ஜமுக்காளத்தில் பெண்கள்: ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் சம்சாரம், ஸ்ரீரங்கத்து அம்மா, இரண்டு நர்சுகள், என் மனைவி. மறுபடி நாற்காலியில் கம்பவுண்டரும் ஒரு தையல்காரரும். இந்த இடங்கள் யாரும் எழுதி வைக்காத சட்டம். யாராவது மாறி உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

பாட்டு, ஜெபம், பிறகு வேத வாசிப்பு, அதன்பின் என் விளக்கம், கடைசியில் காப்பி. வாசிப்பு ஆளுக்கொரு வசனம். முதல் வசனம் நான், இரண்டு கார்டு, மூன்று கம்பவுண்டர் சம்சாரம், நான்கு ஸ்ரீரங்கத்து அம்மா, இப்படியே சுற்றி வந்து பத்தாவது மறுபடி என்னிடம். வாரத்துக்கு ஓர் அதிகாரம், வரிசையாக. அதனால் அடுத்த வாரம் எந்த அதிகாரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஸ்ரீரங்கத்து அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். கணவர் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஒவ்வொரு வியாழனும் டவுன் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி, துணிப்பையில் வேதப்புத்தகத்தோடு நேரத்துக்கு வந்துவிடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்போது எனக்குத் தெரியாததை இப்போதே உங்களிடம் போட்டு உடைத்துவிடுகிறேன். வையம்பட்டிப் பக்கம் காட்டு வேலை செய்த குடும்பம்; ஸ்கூல் பக்கம் போனதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் ஐந்தாம் வகுப்பு என்று சொல்லிக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் சபையிலோ, நம்ம ஜனத்தில் படிக்கத் தெரியாதவர்களே கிடையாது என்று மேடைக்கு மேடை மார்தட்டுவோம். அந்த மார்தட்டலுக்கு நடுவே அவர் ஒன்பது பேரில் ஒருவராக, சமமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த இடம்தான்.

ஒன்பது பேர் வட்டத்தில் நான்காவது ஆள் என்றால் நான்கு, பதின்மூன்று, இருபத்திரண்டு. அதிகாரம் நீளமாக இருந்தால் முப்பத்தொன்று. அந்த மூன்று நான்கு வசனங்களை ஒவ்வொரு வாரமும் யாரோ வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, புத்தகத்தைத் திறந்து பார்த்தபடி சொல்வார். தடங்கல் இல்லாமல், கொஞ்சம் இழுத்து, ஒரு ராகம் போல் வரும். நல்ல வாசிப்பு என்று நான் பலமுறை பாராட்டியிருக்கிறேன்.

யாராவது வராவிட்டால் கணக்குத் தப்பிவிடுமே என்று கேட்பீர்கள். தப்பாது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மழைநாளில் கார்டு வரவில்லை. நான் முதல் வசனத்தை வாசித்து முடித்ததும் கம்பவுண்டர் சம்சாரம் சொன்னார்: "வராதவங்க பங்கை விட்டுடக் கூடாதுங்க. அவர் வசனத்தையும் நானே வாசிச்சிடறேன்." இரண்டையும் மூன்றையும் அவரே வாசித்தார். அன்றிலிருந்து யார் வராவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் அவருடைய வசனத்தையும் சேர்த்து வாசிப்பது வழக்கமாகிவிட்டது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடம்பால் வராதவரும் நம்மோடு இருக்கிறார், அவருடைய இடம் காலியாவதில்லை, என்ன ஓர் அருமையான தத்துவம் என்று சபையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். போதகர் அதை ஒரு பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். வராதவர் பங்கு என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். வழக்கத்தை உண்டாக்கியவரே நான்தான் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். நானும் அதைத் திருத்தவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சீர்திருத்த ஆசை வந்தது. வரிசை வாசிப்பில் ஒரு கோளாறு உண்டு, வாசித்தவர்களுக்குத் தெரியும். நம் முறை வரும்வரை நாம் எதையும் கேட்பதில்லை. நம் வசனம் எது என்று எண்ணி, அதில் வாயில் நுழையாத ஊர்ப்பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, உதட்டுக்குள் ஒத்திகை நடத்திக்கொண்டிருப்போம். தையல்காரர் விரல்விட்டே எண்ணுவார். ஒருநாள் முதல் நர்ஸ் வாசித்து முடித்ததும், நான் கம்பவுண்டரைப் பார்த்து, "இப்ப வாசிச்சதுல என்ன சொல்லியிருக்கு?" என்றேன். அவர் திடுக்கிட்டு, "என்னுது எட்டுங்க சார். அதுக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் தூங்கும் பையனைப் பிடித்த மாதிரி ஆத்திரம்தான் வந்தது.

"அடுத்த வாரத்திலேருந்து வரிசை கிடையாது. நான் யாரைக் கூப்பிடறேனோ அவங்கதான் வாசிக்கணும்" என்று அறிவித்தேன்.

கம்பவுண்டர் சம்சாரம் வழக்கத்தில் என்னை எதிர்த்துப் பேசாதவர். அன்றைக்கு, "வரிசையா வாசிக்கிறதுதாங்க ஒழுங்கு" என்றார்.

"ஒழுங்கைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்றேன்.

"தண்டவாளம் மாத்தறதுக்கு முன்னாடி சிக்னல் குடுக்கணும் சார்" என்றார் கார்டு. அதைக் கிண்டல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் வந்தது. பையன்களைக் கூப்பிடுவதுபோல் இங்கொருவர் அங்கொருவராகக் கூப்பிட்டேன். எல்லோரும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு உள்ளூரப் பெருமை. ஒன்பதாவது வசனத்துக்கு ஸ்ரீரங்கத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்தைத் தடவினார். ஓர் இருமல். பிறகு, "கண்ணாடி கொண்டு வரலீங்க சார்" என்றார்.

அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. அதையாவது யோசித்திருக்கலாம். நானோ, உபகாரமாக நினைத்து, என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். வேறு வழியில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். மூக்கில் வழுக்கி இறங்கிய என் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன, வசனம் மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கம்பவுண்டர் சம்சாரம் ஒன்பதாவது வசனத்தைக் கடகடவென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்களை யார் கூப்பிட்டா?" என்றேன்.

"என்னைத்தான்னு நெனச்சுட்டேங்க" என்றார். அவருக்கு ஒரு நிமிஷ உபதேசம் செய்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

அதற்கடுத்த இரண்டு வியாழனும் ஸ்ரீரங்கத்து அம்மா வரவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். தலைவன் என்ற முறையில் போய் விசாரிப்பது கடமை என்று மனைவியிடம் சொன்னேன்.

"போயிட்டு வாங்க. ஆனா வாத்தியாரா போகாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். பாலத்தில் எதிர்க்காற்று. ஸ்டேஷன் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸ் இரண்டு வரிசை. எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தூரத்திலிருந்தே அந்த இழுப்பான குரல் கேட்டது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு குரல் கேட்டது. வேறொரு பெண் ஒரு வசனத்தை ஒரு தடவை சொல்ல, ஸ்ரீரங்கத்து அம்மா அதையே இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு.

சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். வேலியோரம் பூவரச நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வேதப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தவர் எதிர் வரிசையில் குடியிருந்த பார்சல் குமாஸ்தாவின் மனைவி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்ட இளம்பெண். "பதினேழு" என்றார் அவர். ஸ்ரீரங்கத்து அம்மா பாதி சொல்லி நின்றார். "போனவாட்டியும் இங்கேதான் நின்னேள். இன்னொரு தரம் சந்தை சொல்லுவோம்" என்று அந்தப் பெண் மறுபடி ஆரம்பித்தார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கத்து அம்மா எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது: புத்தகம் யார் மடியில் இருந்தது என்பது, கண்ணாடி, அந்த ராகம், எல்லாம்.

"வாங்கோ, உக்காருங்கோ" என்றார் அந்தப் பெண், ஒன்றும் நடக்காததுபோல. "எங்காத்துல பாசுரம் சொல்லிக்குடுக்கறது இப்படித்தான், சந்தைன்னு பேரு. ஒருத்தர் ஒரு தரம், மத்தவா ரெண்டு தரம். அப்படிச் சொல்லிண்டா மறக்கவே மறக்காது. வாரத்துக்கு மூணோ நாலோதான் வேணும்பா. இப்போ என்னமோ முழுசும் வேணுங்கறா. அது சரி, அந்தக் கண் தெரியாதவன் கதை போன மாசம் பாதியில நின்னுடுத்தே, அப்புறம் அவன் என்ன ஆனான்?"

நான் அந்தக் கதையின் மீதியைச் சொன்னேன். வாழ்க்கையில் என் விளக்கத்தை அவ்வளவு ஆவலாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டு முடித்து, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனார்.

ஸ்ரீரங்கத்து அம்மா வேதப்புத்தகத்தை எடுத்துத் துணிப்பையில் வைத்தார். பிறகு சொன்னார்: "கோவிச்சுக்கிட்டு நிக்கலீங்க சார். நீங்க எந்த வசனத்துக்குக் கூப்பிடுவீங்களோ தெரியாது, அதான் அதிகாரம் முழுசும் படிச்சுக்கிட்டு வந்துடலாம்னு பாத்தேன். முதல் வாரம் பாதிதான் வந்துச்சு. போன வாரம் இருபது. இந்த வாரம் எப்படியும் முடிச்சுடுவேன். நம்பர் சொல்லிக் கேட்டாத்தான் தடுமாறுது."

"யாரும் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

"நினைக்க மாட்டாங்க. பாவம்னு பாப்பாங்க. அதுதான் எனக்கு வேணாங்க. அங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம்."

யாரிடமும் சொல்ல மாட்டேன், என் மனைவியிடம்கூட, என்று வாக்குக் கொடுத்தேன். "வியாழக்கிழமை வாங்க. பழைய வரிசைதான். நாலு, பதின்மூணு, இருபத்திரண்டு போதும். மீதியை விட்டுடுங்க" என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். திரும்பி வரும்போது பாலத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளியது, ஆனாலும் சைக்கிள் கனத்தது. ஒருவருடைய இரண்டு வருஷ உழைப்பை ஒரு சாயங்காலத்தில் கலைத்துவிட்டேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வியாழனன்று பாட்டு முடிந்ததும், புதுமுறை என் தொண்டைக்கு ஒத்துவரவில்லை, பழையபடி வரிசையே இருக்கட்டும் என்றேன். ஏன் எதற்கு என்று யாருமே கேட்கவில்லை. தையல்காரர், "சரிங்க சார்" என்று நான் முடிக்கும் முன்பே சொன்னார். ஸ்ரீரங்கத்து அம்மா தன் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அந்த மூச்சு முடியும் முன்னே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. போதகர். "வராதவர் பங்கு, வராதவர் பங்குன்னு ஊரெல்லாம் சொல்றேன், ஒருநாள் கண்ணால பாக்க வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே வந்து, மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து எனக்கும் கார்டுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கணக்கு வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. நடுவில் ஓர் ஆள் கூடினால் நான்காவது ஆள் ஐந்தாவது ஆளாகிவிடுகிறார். ஐந்தாவது வசனம் அவரிடம் வரும். மீதியை விடச் சொன்னவனே நான்தான். போதகரை எழுப்பி மாற்றி உட்காரவைக்கச் சாக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதல் வசனத்தை எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்தேன். போதகர் இரண்டாவதை வாசித்தார். அடுத்தது கார்டின் முறை.

கார்டு தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "தொண்டை கட்டியிருக்குங்க. இன்னைக்கு என்னை விட்டுடுங்க" என்றார், கரகரத்த குரலில். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வீதி அதிரப் பாடியவர் அவர். கம்பவுண்டர் சம்சாரம் சட்டென்று மூன்றாவதை வாசித்து, அதோடு நிறுத்திக்கொண்டார். ஆக, நான்காவது வசனம் ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். நர்சுகள் இருவரும் ஜமுக்காளத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் ஜன்னலைப் பார்த்தார். தையல்காரரின் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன, ஆனால் அது அவருடைய வசனத்துக்கான எண்ணிக்கை அல்ல. என் மனைவி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு விசாரித்ததில், ஒவ்வொருவரும் தனித்தனியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவரும் இன்னொருவரிடம் வாய்திறந்து பேசியதில்லை. தத்துவம் என்று நான் ஊரெல்லாம் பறைசாற்றிய வராதவர் பங்கு, அந்த மழைநாளில் மூன்றாவது வசனம் நான்காவது ஆளுக்குப் போய்விடாமல் இருக்கவும், நான்காவது வசனம் நான்காவது ஆளுக்கே வரவும் ஒரு பெண் அவசரத்தில் கண்ட உபாயம்.

போதகருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் வழக்கத்தைப் பார்க்க வந்தவர். "அம்மா, ஒரு நிமிஷம்" என்றார் கம்பவுண்டர் சம்சாரத்திடம். "கார்டு ஐயா பங்கைத்தானே இப்ப வாசிச்சீங்க? உங்க பங்கு இன்னும் இருக்கே. நாலாவதையும் நீங்கதானே வாசிக்கணும்?"

கம்பவுண்டர் சம்சாரம் புத்தகத்தின் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அந்த அம்மாவுக்கே சாக்கு கிடைக்காமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கார்டு இருமினார். நான் ஏதோ சொல்ல எழுந்தேன்.

ஸ்ரீரங்கத்து அம்மா எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவரும் கணக்குத் தெரிந்தவர்தானே. கார்டின் தொண்டையில் அவர் கண் கொஞ்சம் நின்றது. பிறகு மடியிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"நாலுலேருந்து நான் சொல்றேங்க ஐயா" என்றார்.

நான்கைச் சொன்னார். ஐந்தைச் சொன்னார். நிற்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தார், மூடிய புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அந்த ஸ்ரீரங்கத்து இழுப்போடு. நான் விடச் சொன்ன மீதியை அவர் விடவில்லை. பதினேழில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். யாருக்கும் அடுத்த முறை என்று ஒன்று இல்லாததால் யாரும் எண்ணவில்லை. அதிகாரத்தின் கடைசி வசனம் முடிந்ததும் கார்டு, தொண்டை கட்டியிருப்பதை மறந்து, ஆமென் என்றார். அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

போதகர் அசந்துபோயிருந்தார். "எந்த ஸ்கூல்லம்மா படிச்சீங்க?"

"படிக்கலீங்க ஐயா. எனக்கு எழுத்துத் தெரியாது" என்றார் அவர், தலையைக் குனியாமல். "எங்க ஊர்ல ஒரு அம்மா வாசிச்சாங்க. நான் கேட்டேன்."

யாரும் அவரைப் பாவம் என்று பார்க்கவில்லை. அடுத்து என் விளக்கம். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காப்பி கொண்டுவரும்படி மனைவியிடம் சொன்னேன். இரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் நாங்கள் எட்டுப் பேர் வாசித்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.